செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் விடுபட்ட அலகு: இளங்கலைப் பாடத்திட்டம் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவு சில ஆண்டுகளுக்குள் தனிப் பட்டப்படிப்பாகவே வளர்ந்துவிட்டது. ‘செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும்’ என்ற பி.டெக். பிரிவு கலந்தாய்வில் விரும்பிக் கேட்கப்படும் பிரிவுகளுள் ஒன்று. கணினி அறிவியல் மாணவருக்குச் செயற்கை நுண்ணறிவு கட்டாயப் பாடம். கலை அறிவியல் கல்லூரிகளின் கணினிப் பட்டப்படிப்புகளிலும் அதற்கு ஒரு தாள் உண்டு. இப்படிப்பு குறித்துப் பொதுவெளியில் இரண்டு கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப எழுகின்றன. ஒன்று, படித்தால் வேலை கிடைக்குமா என்பது. மற்றொன்று, நேற்றைய பாடத்தை வைத்து இன்றைய தொழில்நுட்பத்தைக் கற்பிக்க முடியுமா என்பது.

இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன் கேட்க வேண்டிய ஒன்று விடுபட்டுப்போகிறது. ஒரு பருவம் முழுவதும் செயற்கை நுண்ணறிவைப் படித்து முடித்த இளங்கலை மாணவரிடம் எந்தத் திறன் கூடியிருக்க வேண்டும்? இன்றுள்ள பாடம் அதை வளர்க்கிறதா?

பாடத்தின் குறை பழைய தலைப்புகளுக்கும் புதிய தலைப்புகளுக்கும் இடையிலான விகிதத்தில் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். இயந்திரம் தரும் விடையை எந்த அளவுக்கு, எந்தச் சூழலில், எந்தச் சான்றை வைத்து நம்பலாம் என்று தீர்மானிக்கும் பயிற்சி எந்த அலகுக்கும் உரியதாக இல்லை. குறை அங்கே இருக்கிறது. இந்தப் பயிற்சியைச் சுருக்கமாக ‘மதிப்பிடல்’ என்று அழைக்கிறேன்.

2. பாடத்தில் படிந்திருக்கும் காலங்கள்

ஆற்றுப் படுகையில் வண்டல் படிவதைப் போல, ஒரு துறையின் ஒவ்வொரு காலமும் அதன் பாடத்திட்டத்தில் ஓர் அடுக்கை விட்டுச் செல்கிறது. செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் அந்த அடுக்குகளை இன்றும் தெளிவாகப் பிரித்துக் காணலாம்.

1956-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்த கூடுகையைத் துறையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியல் ரோச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வரும் அதற்கான முன்மொழிவை முந்தைய ஆண்டே எழுதியிருந்தார்கள். முதல் இரு பத்தாண்டுகளின் மையக் கருத்து தேடல்: சிக்கலை நிலைகளாகவும் நகர்வுகளாகவும் வரையறுத்துக்கொண்டு, தொடக்க நிலையிலிருந்து இலக்கு நிலைக்கு வழி காண்பது. இன்றும் வகுப்பில் நடத்தப்படும் ஏ-ஸ்டார் அல்காரிதத்தை ஹார்ட், நில்சன், ரஃபேல் ஆகியோர் 1968-இல் வெளியிட்டார்கள். ஷேக்கி என்ற நகரும் ரோபோ தன் பாதையைத் திட்டமிட வேண்டியிருந்ததே அந்த ஆய்வின் பின்புலம்.

1970-களில் வல்லுநர் அமைப்புகள் வந்தன. ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின், சில நூறு விதிகளைக் கொண்டு இரத்தத் தொற்றுகளுக்கு மருந்து பரிந்துரைத்தது. உலகம் விதிகளுக்குள் அடங்காது என்பது தெளிவானபோது நிகழ்தகவு உள்ளே வந்தது. ஜூடியா பெர்ல் 1988-இல் வெளியிட்ட நூல் பேய்ஸ் வலையமைப்புகளைத் துறையின் நடுவே நிறுத்தியது.

இவற்றுக்கு இணையாக ஓடியது நரம்பணு வலையமைப்பின் கதை. ஃபிராங்க் ரோசன்பிளாட் 1958-இல் பெர்செப்ட்ரானை முன்வைத்தார். ஒற்றை அடுக்குப் பெர்செப்ட்ரானால் எக்ஸ்-ஆர் போன்ற எளிய சார்பைக்கூடக் கற்க முடியாது என்று மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் 1969-இல் நிறுவினார்கள். பிழையைப் பின்னோக்கிப் பரப்பிப் பல அடுக்கு வலையமைப்புக்குப் பயிற்சி தரும் முறையை ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் ஆகியோர் 1986-இல் பரவலாக்கினார்கள். 2012-இல் 12 லட்சம் படங்களில் பயிற்சி பெற்ற அலெக்ஸ்நெட், படங்களை வகைப்படுத்தும் இமேஜ்நெட் போட்டியில் மற்றவற்றைப் பெரிய இடைவெளியில் முந்தியது. 2017-இல் டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பும் 2022 நவம்பரில் சாட்ஜிபிடியும் வந்தன.

இந்த அடுக்குகளை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்த பெருமை ஸ்டூவர்ட் ரஸ்ஸல், பீட்டர் நார்விக் எழுதிய பாடநூலுக்கு உரியது. 1995-இல் முதல் பதிப்பும் 2020-இல் நான்காம் பதிப்பும் வெளிவந்தன. சூழலை உணர்ந்து செயல்படும் ‘முகவர்’ என்ற கருத்தைச் சுற்றி முழுத் துறையையும் அது அடுக்கியது. இந்திய வகுப்பறைகளில் அதற்கு முன்பே எலெய்ன் ரிச், கெவின் நைட் எழுதிய நூல் புழக்கத்தில் இருந்தது. சென்னை ஐஐடியின் தீபக் கேமானி நடத்திய தேடல் முறைகள் குறித்த என்பிடெல் இணையவழிப் பாடம், நூல் வாங்க வசதியில்லாத மாணவருக்கும் இத்துறையைத் திறந்துவிட்டது.

தனிப் பட்டப்படிப்புகள் பின்னர்தான் வந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2018-இலும், ஹைதராபாத் ஐஐடி 2019-இலும் செயற்கை நுண்ணறிவுக்கென்றே இளங்கலைப் படிப்பைத் தொடங்கின. ஒரு தாளில் அடங்கிய துறை நான்காண்டுப் படிப்பாக விரிந்தபோதும், பெரும்பாலான மாணவர்கள் இன்றும் அதை ஒரே ஒரு தாளாகத்தான் சந்திக்கிறார்கள். எனவே அந்த ஒரு தாள் எப்படி அமைந்திருக்கிறது என்பது முக்கியமாகிறது.

3. ஐந்து அலகுகளின் உள்ளே

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கணினி அறிவியல் மாணவர்கள் நான்காம் பருவத்தில் ‘செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும்’ என்ற பாடத்தைப் படிக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று மணி வகுப்பு, இரண்டு மணி ஆய்வகம், நான்கு கிரெடிட். வகுப்புக்கு 45 மணியும் ஆய்வகத்துக்கு 30 மணியுமாக மொத்தம் 75 மணி.

அலகுகள் ஐந்து. முதல் அலகு சிக்கல் தீர்த்தல்: தேடல் முறைகள், எதிராளியுடன் ஆடும் விளையாட்டுகள், கட்டுப்பாடுகளை நிறைவுசெய்தல். இரண்டாம் அலகு நிகழ்தகவு வழிப் பகுத்தறிதல்: பேய்ஸ் முறைகள், பேய்ஸ் வலையமைப்புகள். மூன்றாம் அலகு மேற்பார்வையுடன் கற்றல்: நேர்கோட்டுப் பொருத்தத்திலிருந்து முடிவு மரங்கள் வரை. நான்காம் அலகு பல மாதிரிகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறைகளும் மேற்பார்வையற்ற கற்றலும். ஐந்தாம் அலகு நரம்பணு வலையமைப்புகள்: பெர்செப்ட்ரானில் தொடங்கி ஆழ் கற்றலுக்குத் தேவையான உத்திகள் வரை. ஆய்வகப் பயிற்சிகளும் இதே வரிசையில் தேடல் அல்காரிதங்களில் தொடங்கி ஆழ் கற்றல் மாதிரிகளில் முடிகின்றன.

இந்தத் திட்டத்துக்கு இரண்டு சிறப்புகள் உண்டு. இதுவரை கண்ட அடுக்குகளில் பெரும்பாலானவற்றை இது மாணவரின் பார்வைக்குக் கொண்டுவருகிறது. வகுப்பையும் ஆய்வகத்தையும் ஒரே பாடத்துக்குள் இணைத்து, படித்ததை அதே பருவத்தில் செய்துபார்க்க வைக்கிறது. எழுபத்தைந்து மணிக்குள் இவ்வளவையும் அடக்கியவர்களின் உழைப்பை மதிக்கவே வேண்டும்.

ஆனால் ஐந்து தலைப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவை அனைத்தும் கருவிகளின் பெயர்கள் என்பது தெரிகிறது. எந்தச் சிக்கலுக்கு எந்தக் கருவி, அது சரியாக வேலை செய்ததா, எங்கே தவறியது, தவறின் விலையை யார் கொடுத்தார் என்ற கேள்விகளுக்குத் தனி அலகு இல்லை. நல்ல ஆசிரியர் இவற்றை இடையிடையே சொல்லலாம், பலர் சொல்கிறார்கள். எனினும், ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்பட்டது பருவத்தின் கடைசி வாரங்களில் நேரமின்றி முதலில் கைவிடப்படும் பகுதியாகவே ஆகிவிடும். அறநெறி சார்ந்த கேள்விகள் விருப்பப் பாடமொன்றுக்குச் சென்றுவிட்டன. அதைத் தேர்ந்தெடுக்காத மாணவர் அக்கேள்விகளைச் சந்திக்காமலேயே பட்டம் பெற முடியும்.

4. பழையதை விட்டுவிடலாமா?

இந்தப் பாடத்தின் மீது பரவலாக வைக்கப்படும் விமர்சனம் வேறு. தேடலையும் நிகழ்தகவையும் குறைத்து, பெருமொழி மாதிரிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது அது. இதைச் சொல்வோர் சில சமயம் கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் சட்டன் 2019-இல் எழுதிய ‘கசப்பான பாடம்’ என்ற சிறு கட்டுரையைச் சான்றாகக் காட்டுவதுண்டு. மனித அறிவைக் கைப்பட நுழைத்த முறைகளைவிட, கணக்கீட்டுத் திறனைப் பெருமளவில் பயன்படுத்தும் பொதுமுறைகளே நீண்ட காலத்தில் வென்றிருக்கின்றன என்பது சட்டனின் முடிவு. அதே மாதத்தில் ரோபோ ஆய்வாளர் ராட்னி புரூக்ஸ் அதற்கு மறுப்பு எழுதினார். வென்றதாகச் சொல்லப்படும் முறைகளுக்குள்ளும் மனித வடிவமைப்பு ஏராளமாக இருக்கிறது என்பது அவர் வாதம்.

இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், தேடலைப் பாடத்திலிருந்து நீக்கும் வாதம் அதிலிருந்து கிடைக்காது. கணக்கீட்டுத் திறன் கூடக்கூட வளரக்கூடிய முறைகளாகச் சட்டன் குறிப்பிடுபவை இரண்டு: ஒன்று கற்றல், மற்றொன்று தேடல். 1997-இல் சதுரங்கத்தில் காஸ்பரோவை வென்ற டீப் புளூ, ஒரு வினாடிக்கு 20 கோடி நிலைகள் அளவில் ஆராய்ந்த தேடல் எந்திரம். 2016-இல் சியோலில் கோ ஆட்டத்தில் லீ செடோலை 4–1 என வென்ற ஆல்ஃபாகோ, நரம்பணு வலையமைப்பையும் மரத் தேடலையும் சேர்த்து இயங்கியது. கற்றல் எந்த நகர்வுகள் நம்பிக்கையூட்டுகின்றன என்று காட்டியது. தேடல் அவற்றை முன்னோக்கி ஆராய்ந்தது. பழைய அலகும் புதிய அலகும் அந்த ஆட்டத்தில் ஒரே எந்திரத்தின் இரண்டு பகுதிகளாக இருந்தன.

சர்வதேசப் பாடத்திட்ட வழிகாட்டிகளும் இதையே காட்டுகின்றன. ஏசிஎம், ஐஇஇஇ கணினிச் சங்கம், ஏஏஏஐ ஆகியவை இணைந்து உருவாக்கிய சிஎஸ்2023 வழிகாட்டி, 2013 பதிப்பில் ‘அறிவார்ந்த அமைப்புகள்’ என்றிருந்த பகுதியைச் ‘செயற்கை நுண்ணறிவு’ எனப் பெயர் மாற்றி, கற்றலுக்குக் கூடுதல் எடை கொடுத்தது. ஆனால் தேடலும் அறிவைப் பிரதிநிதித்துவப்படுத்தலும் அடிப்படைப் பகுதிகளாகவே நீடிக்கின்றன. அவற்றுடன் பயன்பாடுகளும் சமூகத் தாக்கமும் அடிப்படைப் பகுதியாகவே சேர்க்கப்பட்டுள்ளன. அவ்வழிகாட்டி சமூகத் தாக்கத்தை விருப்பப் பாடமாக ஒதுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தேடல் அலகுக்குக் கல்வி சார்ந்த பயன் இன்னொன்றும் உண்டு. தெளிவற்ற ஒரு தேவையை நிலை, நகர்வு, செலவு, இலக்கு என வரையறுக்க மாணவர் முதன்முதலில் கற்பது அங்கேதான். ஏ-ஸ்டார் முறை எந்த நிபந்தனையில் மிகக் குறைந்த செலவிலான வழியைத் தரும் என்பதை நிரூபணமாகவே எழுதிவிடலாம். மதிப்பீட்டுச் சார்பு உண்மைச் செலவை மிகைப்படுத்தக் கூடாது என்பதே அதன் மையம். உத்தரவாதம் என்றால் என்ன என்பதை இங்கே உணர்ந்த மாணவர்தான், ஐந்தாம் அலகில் உத்தரவாதம் இல்லாத முறைகளைச் சந்திக்கும்போது அந்த வேறுபாட்டின் கனத்தை அறிவார்.

5. மதிப்பிடல்: எது தேவை, ஏன் தேவை

உத்தரவாதம் இல்லாத இடத்தில் சான்றுதான் வழி. இயந்திரக் கற்றல் மாதிரி ஒன்று சரியா என்பதை நிரூபிக்க முடியாது. சோதித்துத்தான் பார்க்க முடியும். சோதனை தவறானால் முடிவும் தவறு. இதை மூன்று நிலைகளில் பார்க்கலாம்.

முதலாவது எண்ணிக்கை. கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு: ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் ‘நோய் இல்லை’ என்று சொல்லும் நிரல் 99 சதவீதம் துல்லியமானது; ஆனால் பயனற்றது. இன்னொரு நிரல் 10 நோயாளிகளில் 9 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோயற்ற 990 பேரில் 99 பேரைத் தவறாக நோயாளி என்கிறது. அது ‘நோய் உண்டு’ என்று சொல்லும் 108 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர் மட்டுமே. நூற்றுக்கு எட்டுப் பேர். இக்கணக்குக்குத் தேவையான பேய்ஸ் விதி இரண்டாம் அலகில் இருக்கிறது. வகைப்படுத்தும் மாதிரிகள் மூன்றாம் அலகில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் கேள்வியை எந்த அலகும் கேட்பதில்லை.

இரண்டாவது தரவு உருவான விதம். நிமோனியா நோயாளிகளின் இறப்பு அபாயத்தைக் கணிக்க 1990-களில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வை ரிச் கருவானாவும் சக ஆய்வாளர்களும் 2015-இல் மீண்டும் எடுத்து விளக்கினார்கள். ஆஸ்துமா உள்ள நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் குறைவு என்று அத்தரவிலிருந்து ஒரு விதி கற்கப்பட்டிருந்தது. தரவில் அது உண்மைதான். ஆஸ்துமா உள்ளவர்கள் நிமோனியாவுடன் வந்தால் மருத்துவமனை அவர்களை உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியது. அதனால் பிழைத்தவர்கள் அதிகம். அந்த விதியைப் பின்பற்றி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் உயிர்கள் போயிருக்கும். மாதிரி தரவைச் சரியாகவே கற்றது. தரவின் பின்னால் இருந்த மனிதச் செயல் அதற்குத் தெரியவில்லை. துல்லியத்தைக் காட்டும் எந்த எண்ணும் இந்த ஆபத்தைக் காட்டியிருக்காது.

மூன்றாவது யாருக்குத் தவறுகிறது என்பது. முகத்தைப் பார்த்துப் பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்களை ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை சென்றது. மொத்தச் சராசரி அந்த இடைவெளியை மறைத்துவிடும். பிரித்து அளந்தபோதுதான் அது வெளிப்பட்டது. இதை அறநெறி வகுப்புக்கு உரிய செய்தி என்று ஒதுக்குவது தவறு. அளவீட்டில் செய்யப்பட்ட எளிய, ஒழுங்கான வேலை அது. இரண்டாமாண்டு மாணவரும் செய்யக்கூடியது.

இந்த மூன்றுக்கும் தேவையான கணிதம் புதிதல்ல. அதே 2021 ஒழுங்குமுறையில் இரண்டாம் பருவத்தில் மாணவர்கள் புள்ளியியலும் எண்முறைகளும் படிக்கிறார்கள்; கருதுகோள் சோதனையும் சோதனை வடிவமைப்பும் அதில் உள்ளன. நூறு எடுத்துக்காட்டுகளைக் கொண்டு சோதித்தபோது ஒரு மாதிரி 80 சதவீதமும் இன்னொன்று 84 சதவீதமும் எடுத்தால் இரண்டாவது சிறந்தது என்று ஆய்வக ரெக்கார்டில் எழுதப்படுகிறது. நூறு எடுத்துக்காட்டுகளில் 80 சதவீதத்துக்கான திட்டப்பிழையே ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளிகள். ஆகவே அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டாம் பருவத்தில் படித்ததை நான்காம் பருவத்தில் எடுத்துப் பயன்படுத்தினால் போதும், மாணவர் இதைத் தாமே கண்டுகொள்வார்.

6. தமிழ்த் தரவில் ஓர் ஆய்வகம்

மதிப்பிடலைக் கற்பிக்கத் தமிழ் மாணவருக்கு மிக நல்ல களம் அவர் கையிலேயே இருக்கிறது. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் தரவுகள் 1936-இல் ஃபிஷர் பயன்படுத்திய ஐரிஸ் பூக்களின் அளவுகளும், அமெரிக்காவில் தொகுத்த கையெழுத்து இலக்கங்களும்தான். இவை சுத்தமானவை, தொடக்கத்துக்கு ஏற்றவை. ஆனால் மாணவருக்கு அவற்றைப் பற்றிச் சொந்த அறிவு எதுவும் கிடையாது. பிழை நேர்ந்தால் அது ஏன் நேர்ந்தது என்று அவரால் ஊகிக்க முடியாது. தாய்மொழித் தரவில் மாணவரே நிபுணர்.

2020-இல் வெளியான தமிழ்–ஆங்கிலக் கலப்பு உணர்வுத் தரவுத்தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். திரைப்பட முன்னோட்டங்களுக்குக் கீழே யூடியூபில் எழுதப்பட்ட 15,744 கருத்துகள் அதில் உள்ளன. நேர்மறை 10,559, எதிர்மறை 2,037, கலவையான உணர்வு 1,801, நடுநிலை 850, தமிழல்லாதவை 497 என ஐந்து வகைகள். எந்தக் கருத்தைக் கண்டாலும் ‘நேர்மறை’ என்று சொல்லும் ஒரு வரி நிரலே 67 சதவீதம் துல்லியம் பெறும். எனவே 70 சதவீதம் எடுத்த மாதிரியைக் கொண்டாட ஏதுமில்லை. ஐந்து வகைகளுக்கும் சம எடை தரும் எஃப்-1 சராசரியில் அதே ஒரு வரி நிரலின் மதிப்பு 0.16 மட்டுமே. அளவுகோலை மாற்றியதும் தீர்ப்பு தலைகீழாகிறது. எந்த அளவுகோல் சரி என்பது பயன்பாட்டைப் பொறுத்தது. அதை முடிவுசெய்து, காரணத்தை எழுதுவதே பாடம்.

இத்தரவில் இன்னோர் உண்மையும் புதைந்திருக்கிறது. ஒரே கருத்தை வகைப்படுத்திய மனிதர்களிடையேயான உடன்பாட்டு அளவு 0.7-ஐ எட்டவில்லை. ரசிகர் சண்டையும் கிண்டலும் புகழ்ச்சியும் கலந்த ஒரு வரியை ஒருவர் நேர்மறை என்பார், இன்னொருவர் கலவை என்பார். மனிதர்களே உடன்படாத இடத்தில் இயந்திரத்தின் ‘பிழை’ எது என்று மாணவர் யோசிக்கத் தொடங்குகிறார். ஐம்பது கருத்துகளை வகுப்பில் இருவர் இருவராக வகைப்படுத்தி உடன்பாட்டைக் கணக்கிடச் சொன்னால் இது இரண்டு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

எழுத்து நிலையிலும் பாடம் உண்டு. ‘வணக்கம்’ என்பது தமிழர் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளிகள் தனியாக எண்ணப்படுவதால் ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டு வீதம் 21 பைட்டுகள். ஆங்கிலத்தின் ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஐந்து பைட்டுகள் போதும். பைட்டுகளை அடிப்படையாக வைத்துச் சொல்லைத் துண்டாக்கும் மொழி மாதிரிகள், பயிற்சித் தரவில் தமிழ் குறைவாக இருந்தால் தமிழ்ச் சொற்களைக் கூடுதல் துண்டுகளாக உடைக்கும். துண்டுக்குக் கட்டணம் வாங்கும் சேவையில் அதே செய்திக்குத் தமிழர் கூடுதலாகச் செலுத்த நேரிடும். மாதிரி ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய உரையின் நீளமும் குறையும். ஒரே பத்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, இரண்டின் துண்டுகளையும் எண்ணிப் பார்ப்பது ஒரு மணி நேரப் பயிற்சி. தொழில்நுட்ப முடிவு ஒன்று எப்படிச் சமூக விளைவாகிறது என்பதை மாணவர் தம் மொழியிலேயே அளந்தறிகிறார்.

இதற்கான மூலவளம் குறைவில்லை. 1998 முதல் மதுரைத் திட்டம் இலக்கியப் பனுவல்களை மின்வடிவில் தந்துவருகிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2021-இல் சமானந்தர் என்னும் இணைமொழித் தொகுப்பையும், 2023-இல் 22 அட்டவணை மொழிகளுக்கான இண்டிக்டிரான்ஸ்2 மொழிபெயர்ப்பு மாதிரியையும் வெளியிட்டது. செய்தித்தமிழில் பயிற்சி தந்து பேச்சுத்தமிழில் சோதித்தால் மாதிரி எங்கே தடுமாறுகிறது? ரோமன் எழுத்தில் எழுதிய தமிழில் என்ன ஆகிறது? நெல்லை, கொங்கு, யாழ்ப்பாண வழக்குகளுக்கு இடையே பிழைவிகிதம் வேறுபடுகிறதா? இவை இளங்கலை மாணவர் உண்மையாகவே விடை தேடக்கூடிய கேள்விகள்.

7. தேர்வும் உரையாடும் இயந்திரமும்

பாடத்திட்டத்தின் உண்மையான உருவம் தேர்வில்தான் தெரியும். பல்கலைக்கழகத் தேர்வின் வழக்கமான அமைப்பு: பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள், ஒரு பதினைந்து மதிப்பெண் வினா. ‘ஏ-ஸ்டார் அல்காரிதத்தை எடுத்துக்காட்டுடன் விளக்குக’ என்பது இந்த அமைப்புக்கு நன்கு பொருந்தும் கேள்வி. பல ஆயிரம் விடைத்தாள்களை ஒரே அளவுகோலில் திருத்த வேண்டிய சூழலில் இத்தகைய கேள்விகள் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் அவை மனப்பாடத்துக்குத்தான் பரிசு தருகின்றன.

உரையாடும் மாதிரிகள் வந்தபின் ஆய்வகத்திலும் நிலை மாறிவிட்டது. பயிற்சிப் பட்டியலில் உள்ள எந்த நிரலையும் அவை நொடிகளில் எழுதித் தருகின்றன. நிரல் ஓடியதா என்பதை மட்டும் பார்த்து மதிப்பெண் இட்டால், மாணவர் எதைக் கற்றார் என்பதை அறிய வழியில்லை. தடை விதிப்பது நடைமுறையில் நிற்காது. மாணவர் நாளை பணிபுரியும் இடங்களில் இக்கருவிகள் இருக்கும். அவற்றின் விடையைச் சரிபார்க்கும் பொறுப்பும் அவருக்கே இருக்கும்.

ஆகவே வினாவின் வடிவத்தை மாற்றுவதே வழி. நிரலை ஓட்டும் முன் என்ன விளைவை எதிர்பார்க்கிறார் என்று மாணவர் எழுதட்டும். ஓட்டியபின் எதிர்பார்ப்புக்கும் விளைவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கட்டும். தவறாக வகைப்படுத்தப்பட்ட இருபது எடுத்துக்காட்டுகளைக் காரணவாரியாகப் பிரிக்கட்டும். எழுத்துத் தேர்வில் ஒரு பதினைந்து மதிப்பெண் வினாவாகிலும் ஓர் ஆய்வு முடிவைக் கொடுத்து, அது எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்று கேட்கட்டும். வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் தரவின் ஒரு பகுதியை மாற்றினால் முடிவு என்னவாகும் என்று வினவட்டும். இவற்றில் இயந்திரத்தின் உதவி கிடைத்தாலும், பதிலுக்குப் பொறுப்பேற்க மாணவர் சிந்தித்தே ஆக வேண்டும்.

8. எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு மூன்று வலுவான மறுப்புகள் உண்டு.

முதலாவது நேரம். எழுபத்தைந்து மணியில் புதிய அலகுக்கு இடம் எங்கே? உண்மையான இடர்ப்பாடு இது. சிலவற்றைக் குறைத்தே ஆக வேண்டும். நான்காம் அலகில் மாதிரிகளை இணைக்கும் முறைகள் பலவற்றைத் தனித்தனியாக நடத்துவதற்குப் பதில் ஒன்றிரண்டை ஆழமாக நடத்தலாம். ஒத்த தன்மையுள்ள பல ஆய்வகப் பயிற்சிகளை ஒன்றாக்கி, ஒரே தரவில் பல முறைகளை ஒப்பிடும் நீண்ட பயிற்சியாக மாற்றலாம். பத்து முறைகளின் பெயர் தெரிந்த மாணவரைவிட, நான்கு முறைகளை ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதத் தெரிந்த மாணவருக்கு ஐந்தாவது முறையைத் தாமே கற்கும் ஆற்றல் அதிகம்.

இரண்டாவது ஆசிரியர். பிழையாய்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் ஆசிரியரின் நேரம் கூடுதலாகத் தேவை. அறுபது பேர் கொண்ட வகுப்பில், வேறு பல பொறுப்புகளையும் சுமக்கும் ஆசிரியரிடம் இதை எதிர்பார்ப்பது எளிதல்ல. குழுவாகச் செய்யும் பயிற்சிகளும் மாணவர் ஒருவர் பணியை ஒருவர் மதிப்பிடும் முறையும் சுமையை ஓரளவு குறைக்கும். முழுத் தீர்வு நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. பாட நேரத்தைப் போலவே மதிப்பிடும் நேரமும் ஆசிரியரின் வேலைப்பளுவில் கணக்கிடப்பட வேண்டும். இதைச் செய்யாமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றினால் மாற்றம் தாளில் நின்றுவிடும்.

மூன்றாவது வேலைவாய்ப்பு. நிறுவனங்கள் புதிய கருவிகளின் பெயர்களைக் கேட்கின்றன. மதிப்பிடலைக் கேட்பதில்லை என்பார்கள். ஆனால் கருவிப் பெயர்கள் வேகமாக மாறுகின்றன. முதலாண்டில் சேரும் மாணவர் பட்டம் பெறும்போது இன்றைய கருவிகளில் பல வழக்கொழிந்திருக்கும். மருத்துவமனையோ வங்கியோ அரசுத் துறையோ ஒரு மாதிரியை ஏற்பதற்கு முன் கேட்கும் கேள்வி மட்டும் மாறாது: இது எங்கே தவறும்? அதற்கு விடை சொல்லத் தெரிந்தவருக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

9. முடிவு

செயற்கை நுண்ணறிவின் வரலாற்றை மதிப்பிடலின் வரலாறாகவும் வாசிக்கலாம். பெர்செப்ட்ரானின் எல்லையை 1969-இல் கணிதத்தால் காட்டியதும், அந்த எல்லையைப் பல அடுக்குகளால் கடக்க முடியும் என்று 1986-இல் செய்துகாட்டியதும், பொதுவான அளவுகோல் ஒன்றில் 2012-இல் நடந்த பாய்ச்சலும் ஒரே மரபைச் சேர்ந்தவை. ஒருவர் முன்வைத்த கூற்றை இன்னொருவர் சான்றைக்கொண்டு சோதித்தார், துறை நகர்ந்தது. நம் பாடத்திட்டம் அந்த வரலாற்றின் விளைபொருள்களை மாணவருக்குக் கொடுக்கிறது. அவற்றை விளைவித்த பழக்கத்தையும் கொடுக்க வேண்டும்.

நடைமுறையில் நான்கு மாற்றங்கள் போதும். முதல் வாரத்திலேயே மதிப்பிடலை அறிமுகப்படுத்தி, ஐந்து அலகுகளிலும் அதே கேள்விகளைத் தொடர்வது. இரண்டாம் பருவப் புள்ளியியலை ஆய்வகத்தோடு வெளிப்படையாக இணைப்பது. குறைந்தது ஒரு நீண்ட பயிற்சியைத் தமிழ்த் தரவில் அமைப்பது. தேர்வின் ஒரு பகுதியைச் சான்றை எடைபோடும் வினாக்களுக்கு ஒதுக்குவது. இவற்றுக்கு விலையுயர்ந்த கணினிகள் தேவையில்லை. எந்த மாவட்டக் கல்லூரியிலும் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.

கடன் விண்ணப்பம், நோய்ப் பரிசோதனை, ஆள்தேர்வு, அரசு நலத்திட்டம் என மக்களின் வாழ்வைத் தொடும் முடிவுகளில் இயந்திரங்கள் நுழைந்துகொண்டிருக்கின்றன. அவற்றை அமைப்பவர்களிலும் பராமரிப்பவர்களிலும் பலர் இன்று நம் கல்லூரிகளில் நான்காம் பருவத்தில் அமர்ந்திருக்கிறார்கள். இயந்திரம் சொன்னது என்பதற்காக ஒரு முடிவை ஏற்காமல், சான்றைக் கேட்கவும் கிடைத்த சான்றை எடைபோடவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது இளங்கலைப் பாடத்தின் முதற்கடமை.